முழங்கால் மூட்டு மாற்று அறுவை: நலம் பெறும் நாட்களும் நம் தொழுகையும்



நம் சமுதாயத்தில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பலருக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருக்கிறது. மாத்திரை, எண்ணெய், ஊசி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அப்படி ஒப்புக்கொள்ளும் உம்மாக்களிடமும் நன்னிமார்களிடமும் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "முன்னைப் போலத் தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்ய வேண்டும்."

இந்த ஆசை உயர்ந்தது. ஆனால் அறுவைக்குப் பிறகு மருத்துவர், "இனி நாற்காலியில் தொழுங்கள்" என்று சொல்லும்போது அதே உம்மா உடைந்துபோகிறார். சிலர் யாருக்கும் தெரியாமல் தரையில் உட்கார முயன்று விழுகிறார்கள். சிலர் நாற்காலித் தொழுகை தொழுகையே அல்ல என்று எண்ணி மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, நிற்கவும் நடக்கவும் நன்றாக முடிந்த பிறகும் தக்பீர் முதல் ஸலாம் வரை நாற்காலியை விட்டு எழாதவர்களும் இருக்கிறார்கள்.

மார்க்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இயன்ற அளவு அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு அத்தகாபுன் அத்தியாயத்தின் 16-ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. இதிலிருந்து ஃபிக்ஹு அறிஞர்கள் எடுத்த விதி எளிமையானது: இயலாதது விழும், இயன்றது விழாது. வேடிக்கை என்னவென்றால், பிஸியோதெரபிஸ்ட் சொல்வதும் இதையேதான். முடியாததைத் திணிக்காதீர்கள், முடிந்ததை விடாதீர்கள். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரு முஸ்லிம் குடும்பம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மூட்டில் என்ன மாற்றப்படுகிறது?

"மூட்டையே கழற்றி எடுத்துவிடுவார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்துவிட்டு, அங்கே உலோக உறைகளைப் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அறுவைக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். நன்றாகப் பொருத்தப்பட்ட மூட்டு பெரும்பாலானவர்களுக்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கிறது.

இந்த அறுவையின் முதல் நோக்கம் வலியைப் போக்குவதும் நடையைத் திருப்பித் தருவதும்தான். மடக்கும் அளவு இரண்டாவது. புதிய மூட்டு பெரும்பாலும் 110 முதல் 125 டிகிரி வரை மடங்கும். நாற்காலியில் உட்கார, எழ, படி ஏற, வண்டியில் ஏற இது போதும். ஆனால் தொழுகையில் இருப்பில் அமரும்போது முழங்கால் ஏறக்குறைய முழுவதுமாக, 140 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டியிருக்கிறது. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்தே பின்னால் மடங்கும் அளவும் அமைகிறது.

ஆகவே அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்: "நான் ஐந்து வேளை தொழுகிறவள். எனக்கு எவ்வளவு மடங்கும்? தரையில் மண்டியிட முடியுமா?" பதில் எதுவானாலும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வலியில்லாமல் பள்ளிவாசலுக்கு நடந்து போவதும், இரவில் வலியின்றித் தூங்கி தஹஜ்ஜுதுக்கு எழுவதும் பெரிய நிஃமத்துகள். ஸஜ்தா தரையில் அமையாவிட்டாலும் இவை கிடைக்கின்றன என்று தெரிந்து போகிறவருக்குப் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

சர்க்கரை நோய் இருப்பவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை கூடினால் காயம் ஆறுவது தாமதமாகும், கிருமித் தொற்றுக்கும் வழி உண்டாகும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, காலில் ஆறாத புண் எது இருந்தாலும் முன்பே மருத்துவரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். உடலின் வேறோர் இடத்துக் கிருமி புதிய மூட்டுக்குப் போய்ச் சேரும் ஆபத்து உண்டு.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். பாய்ப் படுக்கை கூடாது. முழங்கால் உயரத்துக்குக் குறையாத கட்டில் வேண்டும். கைப்பிடியுள்ள, ஆட்டம் இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். உட்காரவும் தொழவும் அதுவே போதும். கழிப்பறை மேற்கத்திய வகையாக இருக்க வேண்டும். பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பியும், இஸ்திஞ்சாவுக்குக் கைக்கு எட்டும் தண்ணீர்க் குழாயும் வேண்டும். தரையில் விரித்த ஜமுக்காளம், மிதியடி, நழுவும் தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிடுங்கள். அறுவை முடிந்த முதல் வாரங்களில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து குறைவு.

இன்னொரு விஷயத்தையும் முன்பே பேசிவிடுவது நல்லது. அறுவைக்குப் பிறகு காலில் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கு அதிகம் பயன்படும் எனாக்ஸாபரின் என்னும் ஊசி மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. இதே வேலையைச் செய்யும் ரிவராக்ஸாபான், அபிக்ஸாபான், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும், ஃபோண்டாபரினக்ஸ் என்னும் செயற்கை ஊசி மருந்தும் இருக்கின்றன. "எனக்கு மாற்று மருந்து பொருந்துமா?" என்று முன்பே கேட்டால் மருத்துவர் பார்த்துச் சொல்வார். சிறுநீரகக் கோளாறு போன்ற காரணங்களால் மாற்று பொருந்தாது என்று அவர் சொன்னால், நிர்ப்பந்தத்தின் சட்டம் அங்கே வந்துவிடுகிறது, தயங்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தைத் தாமாகவே நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. அதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

மருத்துவமனை நாட்களில் தொழுகை

நேரத்தை முதலில் திட்டமிடுங்கள். அறுவை எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முன் வரும் தொழுகையை அதன் நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில் நோய்க்காக இரண்டு தொழுகைகளை ஒரே நேரத்தில் சேர்ப்பது இல்லை. ஆனால் லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் அடுத்தடுத்துத் தொழலாம். மஃரிபையும் இஷாவையும் அவ்வாறே செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்திலும் நோய்க்காகச் சேர்த்துத் தொழுவது இல்லை. எனினும் இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் நோயாளிக்கு அது ஆகும் என்ற கருத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை முன்பே உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது இந்த அறுவையில் வழக்கம். நினைவு இருக்கும், ஆகவே கால் அசையாவிட்டாலும் படுத்த நிலையில் தலையால் சைகை செய்து தொழலாம். முழு மயக்கம் கொடுத்திருந்தால் உளூ முறிந்துவிடும். அந்த நேரத்தில் ஓரிரு வக்துகள் தவறியிருந்தால் தெளிந்ததும் கழாச் செய்துகொள்ள வேண்டும்.

சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் அவர் தொடர் உபாதை உள்ளவரின் சட்டத்தில் சேருவார். ஷாஃபிஈ மத்ஹபின்படி நேரம் வந்த பின் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் உளூச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி ஒவ்வொரு வக்துக்கும் ஓர் உளூ. காயத்திலிருந்து இரத்தம் வடியும் குழாய் வைத்திருந்தால் ஹனஃபிகளுக்கு அதுவும் உளூவைப் பாதிக்கும்; ஷாஃபிஈகளுக்கு இரத்தம் வருவதால் உளூ முறியாது. இந்தக் குழாய்கள் வைக்கப்பட்டாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

உளூவும் குளிப்பும்

முழங்கால் உளூவின் உறுப்பு அல்ல. அங்கே கட்டு இருப்பதால் உளூவுக்குத் தடை ஏதும் இல்லை. சிரமம் பாதத்தைக் கழுவுவதில்தான். புதிய மூட்டோடு குனிந்து பாதத்தைத் தொட முடியாது. அப்போது மகளோ மருமகளோ கணவரோ பாதத்தைக் கழுவிவிடலாம். தபூக் பயணத்தில் முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்ற, நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்த செய்தி ஹதீஸ்களில் இருக்கிறது. உளூவில் உதவி பெறுவதில் குறைவு எதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு பேசினும் ஒரு மக் தண்ணீரும் இருந்தால் போதும். தரை ஈரமாகாமல் உடனே துடைத்துவிடுங்கள்.

தோல் காலுறையை முழு உளூவுடன் அணிந்திருந்தால், ஊரில் இருப்பவர் ஒரு பகல் ஓர் இரவு அதன்மேல் மஸஹு செய்யலாம். குனிய முடியாதவர்களுக்கு இது பேருதவி. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க அணிவிக்கப்படும் இறுக்கமான மெல்லிய காலுறை இந்தச் சட்டத்தில் வராது. உளூவுக்காக அதைக் கழற்றிப் பாதத்தைக் கழுவி மறுபடி அணியலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கழற்றவே கூடாது என்று அவர் சொன்னால் காயக்கட்டின் சட்டத்தைப் போல ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

குளிப்புக் கடமையானால் காயக்கட்டைத் தவிர மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின்மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் இதனுடன் தயம்மும் செய்ய வேண்டும். இப்போது பல மருத்துவமனைகளில் தண்ணீர் புகாத ஒட்டுக்கட்டு போடுகிறார்கள். அதன்மேல் தண்ணீர் படலாமா என்று கேட்டுக்கொண்டால் குளிப்பு இன்னும் எளிது. தையல் அல்லது பின்கள் பெரும்பாலும் இரண்டு வாரங்களில் எடுக்கப்படும். அதற்குப் பிறகும் காயம் முழுவதும் மூடும்வரை குளத்திலோ தொட்டியிலோ காலை அமிழ்த்தக் கூடாது.

முதல் ஆறு வாரம்: பயிற்சியே மருந்து

அறுவை நன்றாக நடந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி வீட்டில் நடக்கிறது. அறுவையன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நிற்கவைத்து நடக்க வைப்பார்கள். "பச்சைப் புண்ணோடு நடக்க விடலாமா?" என்று குடும்பத்தார் பதற வேண்டாம். நடக்காமல் படுத்திருப்பதுதான் இரத்தம் உறைவதற்கும் மூட்டு இறுகுவதற்கும் காரணமாகிறது.

பொதுவான கால அளவு இது. முதல் இரண்டு, மூன்று வாரம் வாக்கர். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் வரை கைத்தடி. இரண்டாவது வாரத்துக்குள் 90 டிகிரி மடக்குவதும், காலை முழுவதும் நேராக நீட்டுவதும் இலக்கு. ஆறு வாரத்தில் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை முடியும். வீக்கமும் சூடும் மூன்று முதல் ஆறு மாதம் வரை கொஞ்சம் இருக்கலாம். முழு பலம் வர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போன உணர்வும், நடக்கும்போது மெல்லிய 'டிக்' ஓசையும் பலருக்கு இருக்கும், பயப்பட வேண்டாம்.

பிஸியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளில் அடிப்படையானவை சில:

ஒன்று, பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை பத்துத் தடவை. இரத்த ஓட்டத்துக்கு இது முக்கியம்.

இரண்டு, காலை நீட்டி வைத்து முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி ஐந்து விநாடி வைத்திருத்தல்.

மூன்று, காலை நேராக நீட்டி ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குதல்.

நான்கு, குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி காலை மடக்கி நீட்டுதல்.

ஐந்து, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னுக்கு இழுத்து மடக்குதல்.

இவற்றை எப்போது செய்வது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். நமக்கு அல்லாஹ் ஐந்து நேரங்களை வகுத்துத் தந்திருக்கிறான். ஒவ்வொரு பர்ளுக்கும் பிறகு தஸ்பீஹ் ஓதி முடித்தவுடன் பத்து நிமிடப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஐந்து முறை, தவறாமல் நடந்துவிடும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். வலியைத் தாங்கிக்கொள்வது ஸப்ரு என்று எண்ணி மாத்திரையை மறுத்துவிட்டு, வலிக்கிறது என்று பயிற்சியையும் விட்டுவிடுவது சரியல்ல. இங்கே ஸப்ரு என்பது நாள்தோறும் பயிற்சியை விடாமல் செய்வது.

பயிற்சிக்குப் பிறகு துணியில் சுற்றிய ஐஸ் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் வீக்கம் குறையும். வெறும் ஐஸைத் தோலில் வைக்கக் கூடாது. எண்ணெய் தேய்ப்பது, சூடு ஒத்தடம், மூட்டு பிடித்துவிடுபவரிடம் காட்டுவது எதுவும் வேண்டாம்.

எல்லா வீட்டிலும் நடக்கும் ஒரு தவறு இது: வலிக்கிறது என்று பாசத்தோடு முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடுவது. அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால் கால் மடங்கியபடியே இறுகி, பிறகு நேராக நீளாமல் போய்விடும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைப்பிடியை விடக் கூடாது.

பெண்களுக்குப் பெண் பிஸியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரையே தேடுங்கள். கிடைக்காதபோது மஹ்ரமோ குடும்பப் பெண்ணோ உடனிருக்க, தேவையான இடத்தை மட்டும் திறந்து ஆணிடம் சிகிச்சை பெறலாம். கூச்சத்தால் பயிற்சியே இல்லாமல் மூட்டு இறுகிவிட்டால், பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலை வரலாம்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்

கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு வலி, காயத்தில் நீர் அல்லது சீழ் வடிதல், சிவப்பு பரவுதல், குளிருடன் காய்ச்சல், கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை. இவற்றில் எதுவானாலும் "விடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

நாற்காலியில் தொழும் முறை

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் சிரமப்பட்டபோது தொழுகை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழும்படியும், முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படியும் நபியவர்கள் கூறினார்கள். புகாரியில் இடம்பெற்றுள்ள இந்தச் செய்திதான் நோயாளித் தொழுகையின் அடித்தளம். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முடியாதபோதுதான் அடுத்த படிக்கு இறங்குகிறோம்.

அறுவைக்குப் பின் முதல் நாட்களில் நிற்பதே சிரமம். அப்போது முழுவதும் உட்கார்ந்தே தொழலாம். ருகூவுக்குக் கொஞ்சம் குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடக் கூடுதலாகக் குனிய வேண்டும். இரண்டுக்கும் இந்த வேறுபாடு அவசியம். முன்னால் மேஜை போட்டு அதில் நெற்றி வைக்க வேண்டியதில்லை. தலையணையை நெற்றி வரை தூக்கிப் பிடிப்பதும் வேண்டாம்.

சில வாரங்களில் நிற்க முடியும். ஆனால் தரையில் ஸஜ்தா முடியாது. பலரின் நிலை இங்கேதான் நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபின்படி இவர் பர்ளான தொழுகையில் நின்றே ஓத வேண்டும். நின்றபடி ருகூவுச் செய்ய வேண்டும். பிறகு நாற்காலியில் அமர்ந்து ஸஜ்தாவுக்குச் சைகை செய்ய வேண்டும். நிலை இவருக்கு விழவில்லை, ஸஜ்தா மட்டுமே விழுந்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபின் பிரபலமான சட்டப்படி ஸஜ்தா முடியாதவருக்கு நிலையின் கடமை நீங்கிவிடும். அவர் உட்கார்ந்து சைகையால் தொழலாம், நின்று தொழுதாலும் தொழுகை கூடும். அவரவர் மத்ஹபுப்படி செய்துகொள்ளட்டும். ஒருவர் மற்றவரின் தொழுகையைக் குறை கூற வேண்டியதில்லை. ஸுன்னத், நஃபில் தொழுகைகளை இரு மத்ஹபுகளிலும் உட்கார்ந்து தொழலாம்.

தரை ஸஜ்தா மறுபடி முடியுமா? சிலருக்கு முடியும். காயம் முழுவதும் ஆறி, கால் நன்றாக மடங்கி, தொடைத் தசை பலப்பட்ட பிறகு, மென்மையான விரிப்பில் மண்டியிடச் சில மருத்துவர்கள் அனுமதிக்கிறார்கள். தரையில் இறங்குவதற்கும் எழுவதற்கும் ஒரு முறை உண்டு. அதைப் பிஸியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு, முதலில் அவர் முன்னிலையில் செய்து பார்க்க வேண்டும். மருத்துவர் அனுமதித்து, ஆபத்தின்றிச் செய்ய முடிகிறதென்றால், அவருக்கு ஸஜ்தா திரும்பக் கடமையாகிவிடுகிறது. நாற்காலி அவருக்குப் பழக்கமாகிவிடக் கூடாது. அனுமதிக்கவில்லை என்றால் அவருடைய சைகையே அவருடைய ஸஜ்தா.

இதில் மனக்குறை வேண்டாம். ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, அவன் ஆரோக்கியத்தில் ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களைப் போன்றே அவனுக்கு எழுதப்படுகிறது என்பது அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. இதுவும் புகாரியில் உள்ளது. நாற்பது ஆண்டு தரையில் வைத்த நெற்றியை, காலில் உலோகம் வந்ததற்காக அல்லாஹ் மறந்துவிடுவதில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு

நாற்காலித் தொழுகையாளிகள் எல்லா மஹல்லாவிலும் பெருகிவிட்டார்கள். ஜமாஅத்தார் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வாசல் படியில் ஒரு கைப்பிடிக் கம்பி. ஹவுளோரத்துத் தாழ்ந்த திண்டில் உட்கார முடியாதவர்களுக்காக உயரமான இருக்கையுடன் ஒன்றிரண்டு குழாய்கள். கழிப்பறையில் குறைந்தது ஒரு மேற்கத்திய கோப்பை. ஆட்டம் இல்லாத நான்கைந்து நாற்காலிகள்.

நாற்காலிகளை ஸஃப்பின் ஓரங்களில் போட்டால் பின்வரிசையில் ஸஜ்தா செய்பவருக்கு இடைஞ்சல் இராது. முழுவதும் உட்கார்ந்து தொழுபவர் நாற்காலியின் பின்கால்கள் ஸஃப்பின் கோட்டில் இருக்குமாறு போடட்டும். நின்று ஓதுபவர், நிற்கும்போது தம் தோளும் பாதமும் வரிசையோடு சேருமாறு நிற்கட்டும்; அவருடைய நாற்காலி பின்னால் போகும் என்பதால் ஓரமே அவருக்குச் சிறந்தது.

பள்ளிக்கு வர இயலாத நாட்களில் ஜும்ஆவுக்குப் பதிலாக வீட்டில் லுஹர் தொழுதுகொள்ளலாம். வரமுடியாததை எண்ணி வருந்தி, வாக்கரோடு ஈரமான ஹவுள் பக்கம் நடந்து விழுவதை யாரும் வீரமாக எண்ண வேண்டாம்.

நோன்பும் உம்ராவும்

ரமளானில் சில வாரங்கள் முன்பாக அறுவை செய்தவர், மருத்துவர் மருந்தும் தண்ணீரும் தவறக் கூடாது என்று சொன்னால் நோன்பை விட்டுவிடலாம். இது குணமாகக்கூடிய நிலை என்பதால் பின்னால் கழா நோற்க வேண்டும். இதற்கு ஃபித்யா மட்டும் கொடுத்தால் போதாது. குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளிக்கே ஃபித்யா. முடிந்தால் அறுவை நாளையே ரமளானுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

மூட்டு வலியால் ஒத்திப்போட்ட உம்ராவைப் பலர் அறுவை முடிந்தவுடன் நிறைவேற்றத் துடிக்கிறார்கள். நீண்ட விமானப் பயணம் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். குறைந்தது மூன்று மாதம் பொறுத்து, மருத்துவர் ஒப்புதலோடு செல்லுங்கள். விமான நிலையச் சோதனையில் கருவி ஒலி எழுப்பும். அறுவைச் சிகிச்சைச் சான்றைக் கையில் வைத்திருங்கள். தவாஃபிலும் ஸயீயிலும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். உடல் நலமில்லாதிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்து தவாஃப் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

குடும்பத்தாரும் நலம் விசாரிப்போரும்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. ஆனால் முதல் இரண்டு வாரம் வீட்டில் கூட்டம் வேண்டாம். சளி, காய்ச்சல் இருப்பவர் போனில் விசாரித்தால் போதும். பத்து நிமிடம் இருந்து துஆச் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு இனிப்பும் பிரியாணியும் கொண்டு போகாதீர்கள். "அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணியும் சரியாகலையே" என்று கதை சொல்ல வேண்டாம்.

வீட்டார் எல்லாவற்றையும் செய்துகொடுத்துப் படுக்க வைப்பதையே கித்மத் என்று எண்ணிவிடக் கூடாது. அத்தா தாமே எழுந்து நடக்கும்போது பக்கத்தில் நடப்பதும், உம்மாவின் பயிற்சியை எண்ணிச் சொல்வதும், பாதத்தைக் கழுவிவிடுவதும், தொழும் நேரத்தில் நாற்காலியைக் கிப்லாவை நோக்கித் திருப்பி வைப்பதும்தான் இப்போது பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் பலருக்கு மனச்சோர்வு வரும். "ஏன்தான் செய்துகொண்டேனோ" என்பார்கள். அப்போது சென்ற வாரம் எத்தனை அடி நடந்தார்கள், இந்த வாரம் எத்தனை என்று நினைவூட்டுங்கள்.

இயன்றதைச் செய்வோம். இயலாததில் அல்லாஹ்வின் சலுகையை மனநிறைவோடு ஏற்போம். உடல் அவன் தந்த அமானிதம். அதைப் பேணுவதும் இபாதத்தே.

மூட்டு வலியால் அவதியுறும் நம் பெற்றோருக்கும் மூத்தோருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், கடைசி மூச்சுவரை அவனைத் தொழும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.